தும்மல் மாத்திரைக்கு நான் சொன்ன நேரம்

டாக்டர் சீட்டில் தெளிவாகத்தான் எழுதியிருந்தார். சைபர், சைபர், ஒன்று. காலையில் கிடையாது, மதியம் கிடையாது, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. மருந்துக்கடைப் பெண்ணும் கவரில் ‘இரவு’ என்று அச்சடித்த கட்டத்தில் ஒரு டிக் போட்டுத்தான் கொடுத்தாள். அதைக் காலையில் போட வேண்டும் என்று முடிவு செய்தது நான். யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை.

எனக்குத் தும்மல் பல வருடப் பழக்கம். விடிகாலையில் கால் தரையில் பட்டதும் தொடங்கும். பதினைந்து, இருபது என்று வரிசையாகப் போகும். மணவாள நகரில் எங்கள் தெருவுக்கு அலாரமே தேவையில்லை என்று என் மனைவி சொல்வாள். ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ். அது பெரியபாளையம், ஆரணி என்று சுற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் நுழையும்போது, உருக்காலைப் புகை பனியோடு சேர்ந்து தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அங்கே எனக்கு இரண்டாவது சுற்று ஆரம்பிக்கும். பெயின்ட் டப்பா செய்யும் கம்பெனி ஒன்றில் சரக்கு அடுக்கும் யார்டுக்கு நான் சூப்பர்வைசர். பத்துப் பதினைந்து பேரை விரட்டி வேலை வாங்குகிற ஆள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் எவன் மதிப்பான்? டாக்டரிடம் போனதற்கு அதுதான் காரணம். உடம்பின்மேல் அக்கறை எல்லாம் இல்லை.

மாத்திரை வாங்கிய பிறகு நான் ஓர் ஆராய்ச்சி நடத்தினேன். ஒரு வாரம் ராத்திரி, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் காலை. முடிவில் காலைதான் சிறந்தது என்று தீர்ப்பு எழுதினேன். ராத்திரி வாரத்தில் ஏழு நாளில் மூன்று நாள் மறந்துபோய்த் தூங்கிவிட்டேன் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. தும்மல் காலையில் வருகிறது, மருந்தும் காலையில்தான் போக வேண்டும், இதற்கு எதற்கு எம்.பி.பி.எஸ். என்பது என் வாதம். திருடன் பகலில் வருகிற வீட்டுக்கு ராத்திரி வாட்ச்மேன் போடுவாயா என்று பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரரைக் கேட்பேன். அவர் சிரிப்பார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

காலையில் போட்டால் ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை தலை நனைந்த கோணிப்பை மாதிரி கனக்கும். அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு டீ குடிப்பேன். உட்காராமல் யார்டைச் சுற்றிச் சுற்றி வருவேன். “சார் இப்பல்லாம் யாரையும் திட்றதே இல்ல” என்று ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. வயசாக ஆக மனுஷன் பக்குவப்பட்டுவிட்டான் என்று அவர்கள் நினைத்தார்கள். திட்டுவதற்கு எனக்கு வாய் திறக்கவில்லை என்பதுதான் உண்மை.

பஸ்ஸில் என்னை ‘டாக்டரே’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலிதான். எனக்கோ உள்ளூரக் குளிர்ந்தது. யாருக்கு முதுகுவலி, யாருக்கு வாயுத்தொல்லை என்றாலும் முன்ஸீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து வைத்தியம் சொல்வேன். படித்ததெல்லாம் ஐ.டி.ஐ. ஃபிட்டர்.

ஆரணிக் கூட்ரோட்டில் ஏறுகிற ஒருவர் எப்போதும் என் பக்கத்தில்தான் உட்காருவார். என் யார்டில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். அந்த நாளில் நான் அவரை ‘அவன்’ என்றுதான் சொன்னேன், வாடா போடா என்றுதான் கூப்பிட்டேன். இன்று எழுத உட்கார்ந்தால் ‘அவர்’ என்றுதான் வருகிறது. அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பிள்ளைகள். அண்ணனோடு பங்கில் கொஞ்சம் நெல் நிலம். விடிகாலையில் வயலுக்குப் போய் மடை பார்த்துவிட்டு, குளித்து, பஸ் பிடிப்பார். சாயங்காலம் போய் மறுபடியும் வயல். ஏழு வருடமாகக் காண்ட்ராக்ட்டில் ஓடிக்கொண்டிருந்தார். அந்தத் தை மாதம் ஃபோர்க்லிஃப்ட்காரர்களில் மூன்று பேரைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. மூன்றில் ஒன்று அவருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். ஏழு வருடத்தில் ஒரு டப்பாவை நசுக்கியதில்லை.

“பர்மனென்ட் ஆயிட்டா நெலத்த அண்ணனுக்கே குத்தகைக்கு உட்டுடலாம்னு ஊட்ல சொல்லிக்கினே கீறாண்ணா. ஒரு நாளாவது விடியறவரைக்கும் தூங்குன்றா” என்று ஒருநாள் சொன்னார். சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. தூங்க ஆசைப்படுவது ஏதோ பெரிய ஆசை என்பது போல.

அறுவடை வந்தது. மெஷின் வைத்து அறுத்தார்கள். அதன் பின்னாலேயே நின்று வைக்கோல் தூசியையும் நெல் சுணைத் தூசியையும் இரண்டு நாள் வாங்கிக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் ஏறும்போதே தும்மல். கண் இரண்டும் கோவைப்பழம். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு நோயாளி தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் ‘டாக்டர்’ சும்மா இருப்பாரா? அன்று சாயங்காலம் திரும்பும்போது என் பையிலிருந்து அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைக் கிழித்து அவர் கையில் வைத்தேன்.

“நாளைக்கு காலைல நாஷ்டாவுக்கு அப்புறம் போடு. நைட்ல போட்டா வேஸ்ட்டு.”

அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “வண்டி ஓட்றவன்ணா நானு. தூக்கம் கீக்கம் வருமா?”

“தெனமும் நான் போட்டுக்கினுதான உங்கள எல்லாம் மேய்ச்சிக்கினு கீறேன். எனக்கு வந்துதா? ஒண்ணும் ஆவாது.”

இந்த ஒரு பொய்யைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மற்றதெல்லாம் அறியாமை, அதிகப்பிரசங்கித்தனம். தூக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். தினமும் இரண்டு மணிநேரம் அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதை ஒப்புக்கொண்டால் காலைதான் சிறந்தது என்ற என் தீர்ப்பு தோற்றுப்போகும். அதற்காக அந்த மனிதரிடம் பொய் சொன்னேன்.

மறுநாள் பஸ்ஸில் அவர் தும்மவில்லை. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து வந்தார். “பாத்தியா, நின்னுச்சா?” என்று கேட்டேன். “நின்னுச்சிண்ணா” என்றார். நாக்கு கொஞ்சம் தடித்திருந்தது. நான் பின்ஸீட்டுக்காரரைத் தட்டி, என் வைத்தியத்தின் வெற்றியைக் காட்டினேன்.

எங்கள் கம்பெனியில் காலையில் வண்டி எதையும் கிளப்புவதற்கு முன்னால் எல்லோரும் அரைவட்டமாக நிற்க வேண்டும். சூப்பர்வைசர் மூன்று கேள்வி கேட்பார். ராத்திரி தூக்கம் சரியா? தண்ணி கிண்ணி போட்டிருக்கீங்களா? மாத்திரை ஏதாவது? பிறகு ஒவ்வொருவரும் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, அந்த மூன்று கேள்வியையும் ஒரே மூச்சில், பதில் சொல்ல இடமே இல்லாமல், பள்ளிக்கூடத்து ஹாஜர் மாதிரி ஓட்டிவிடுவேன். ஆட்களும் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். கேட்கிறவனை யாரும் கேட்பதில்லை. சூப்பர்வைசருக்கு அந்த ரெஜிஸ்டரில் கடைசியில் ஒரே ஒரு இடம்தான். ‘அனைவரும் வேலைக்குத் தகுதி’ என்ற வரிக்குக் கீழே. வயிற்றில் மாத்திரையோடு எத்தனை மாதம் அங்கே கையெழுத்துப் போட்டேனோ.

அன்று புதிதாக வந்திருந்த சேஃப்டி ஆபீசர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயது, கறாரான ஆள். நான் மூன்று கேள்வியையும் ஓட்டி முடித்தேன். அரைவட்டத்திலிருந்து ஃபோர்க்லிஃப்ட்காரர் கையைத் தூக்கினார்.

“சார், தும்மலுக்கு ஒரு மாத்திர போட்டேன். கண்ணு சொக்குது. இன்னிக்கி வண்டி வேணாம் சார். வேற இன்னா வேல இருந்தாலும் குடுங்க.”

அரைவட்டம் முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதில் இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆபீசர் கேட்டார். “டாக்டர் சீட்டு இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்புறம் யார் குடுத்தாங்க?”

அவர் என்னைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று தரையையே பார்த்தார். “ஊட்ல இருந்துச்சி சார்” என்றார்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. ‘நான்தான் சார் குடுத்தேன்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆபீசர் என் பக்கம் திரும்பி, “எழுதுங்க” என்றார். நான் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். வெறுமனே மாத்திரை சாப்பிட்டார் என்று எழுதியிருந்தால் ஒருவேளை யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். புது ஆபீசர் எதிரில் நானும் கறாரான ஆள் என்று காட்ட வேண்டியிருந்தது. ‘மருத்துவர் சீட்டு இன்றி மயக்கம் தரும் மருந்து உட்கொண்டு பணிக்கு வந்தார்’ என்று முழு வாக்கியமாக எழுதி, அடியில் கோடு போட்டேன். அதே மருந்து அதே நேரத்தில் என் வயிற்றிலும் கரைந்துகொண்டிருந்தது. கீழே வழக்கம்போல என் கையெழுத்தைப் போட்டேன்.

அன்று முழுவதும் அவர் பேக்கிங் பக்கம் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலை கனக்கவில்லை. பயத்தில் தூக்கம் பறந்துவிட்டது.

சாயங்காலம் பஸ்ஸில் வேறு ஸீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “உடுங்கண்ணா. உங்க ஒடம்புக்கு ஒத்துக்கிச்சி, எனுக்கு ஒத்துக்கல. உங்களுக்கு இன்னா தெரியும்” என்றார். தெரியும் என்று நான் சொல்லவில்லை. ஆபீசரிடம் பேசிச் சரி செய்கிறேன் என்றேன். அவர் மன்னித்ததும் எனக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் என்மேல் எனக்கு அருவருப்பு.

ஆபீசரிடம் நான் பேசவில்லை. திங்கட்கிழமை ஆடிட் என்றேன். அந்த வாரம் ஆபீசர் லீவு. அதற்கடுத்த வாரம் அவர் முகம் சரியில்லை. இப்படி என்னிடம் தினம் ஒரு சாக்கு இருந்தது. நடுவில் ஒரு காரியம் மட்டும் சுறுசுறுப்பாகச் செய்தேன். திருவள்ளூருக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். காலையில் போட்டுக்கொண்டிருந்ததைச் சொன்னேன். அவர் சீட்டை என் பக்கம் திருப்பி, ராத்திரி என்று எழுதியிருக்கிற இடத்தில் பேனாவை வைத்தார்.

“உங்களுக்குத் தும்மல் விடிகாலையில வருது. ராத்திரி போட்டாத்தான் அந்த நேரத்துக்கு மருந்து ரத்தத்துல இருக்கும். தூக்கம் வந்தாலும் படுக்கையில வரும். வேலை செய்யற இடத்துல எதுக்குத் தூங்கி வழியறீங்க?” என்றார். பிறகு, “வேற யாருக்கும் இதைக் குடுக்கலியே?” என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியாகத்தான் இருக்கும்.

“இல்ல டாக்டர்” என்றேன்.

அன்று ராத்திரியிலிருந்து ஒழுங்காகப் போட்டேன். ஒரே வாரத்தில் எங்கள் தெரு நிம்மதியாகத் தூங்கியது. காலையில் தலை கனக்கவில்லை. மறுபடியும் ஆட்களைத் திட்ட ஆரம்பித்தேன். சரியான நேரம் எது என்று தெரிந்ததில் எனக்கு மட்டும் எல்லாம் நல்லபடியாக நடந்தது. பஸ்ஸில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. நேரத்தை மாற்றிக்கொண்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே.

மாசி முடிவதற்குள் அவருக்கு வார்னிங் லெட்டர் வந்தது. என் வாக்கியத்தை அப்படியே எடுத்து அதில் போட்டிருந்தார்கள். பர்மனென்ட் லிஸ்ட் பங்குனியில் வரும், வார்னிங் இருப்பவர் பெயர் அதில் ஏறாது, வேண்டுமானால் சூப்பர்வைசரிடம் ஒரு லெட்டர் வாங்கிக்கொண்டு வரட்டும், பார்க்கலாம் என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், லெட்டர் எடுபடவில்லை. லிஸ்ட்டில் அவர் பெயர் வரவில்லை. இப்போது வேறொரு கம்பெனியில் மறுபடியும் முதல் வருடக் காண்ட்ராக்ட்டாக ஓட்டுகிறார். விடிகாலையில் இன்னும் மடை பார்க்கப் போகிறார். நான் இதை எழுதுவது அவர் லெட்டர் வாங்க வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக.

சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரு பையில் புது அரிசி கொண்டுவந்திருந்தார்கள். அந்த அறுவடை அரிசிதான். என் மனைவி அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு டீ கொண்டுவந்தாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மேசையை இழுத்துப் போட்டு எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். ஏழு வருடத்தில் ஒரு விபத்து இல்லை என்று எழுதினேன். ஒரு நாள் தாமதம் இல்லை. கண் சொக்குகிறது என்று தானாக முன்வந்து சொன்ன ஒரே தொழிலாளி இவர்தான், இப்படிப்பட்டவர்தான் வண்டியில் உட்காரத் தகுதியானவர் என்றும் எழுதினேன். நல்ல லெட்டர். மாத்திரை எங்கிருந்து வந்தது என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை. அந்த வரி வர வேண்டிய இடத்தில் பேனாவை நிறுத்தினேன். ரிட்டைர் ஆக இன்னும் ஒரு வருடம் இருந்தது. அடுத்த பாராவுக்குப் போனேன்.

அவர் லெட்டரை வாங்கி, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் ஒரு தடவை மேலிருந்து பார்த்தார். “சூப்பரா எழுதிக்கீறீங்கண்ணா. இது போதும்” என்றார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிகிறதா என்று தேடினேன். ஏதோ பெரிய ஆபத்திலிருந்து தப்பித்த மாதிரி மூச்சு விட்டார்.

வாசலில் செருப்புப் போடும்போது அந்த அம்மா நின்றார். டீ அப்படியே டம்ளரில் ஆறிப்போய் உள்ளே இருந்தது.

“அண்ணா, மாத்திர நீங்க குடுத்ததுன்னு அன்னிக்கே எனுக்கு சொல்லிட்டாரு. நைட்ல போட்டுக்கினு படுன்னு நான் சொன்னேன். கேக்கல. காலைலதான் போடணும்னு அண்ணா சொல்லிக்கீறாரு, அவருக்குத் தெரியாதான்னாரு. லெட்டர்ல அத நீங்களே எழுதுவீங்கன்னு நெனச்சிக்கினுதான் வந்தேன்.”

குரலில் கோபம் இல்லை. விலை விசாரிக்கிற மாதிரி சொன்னார்.

“நீ சும்மா இரு” என்று அவர் மனைவியை அடக்கினார். “அண்ணா எழுதிடுவாரோன்னு நானே பயந்துக்கினு இருந்தேன். ரிட்டைர் ஆவற நேரத்துல அவருக்கு எதுக்குப் பேஜாரு.” பிறகு என்னைப் பார்த்து, “அவ தெரியாம பேசிட்டாண்ணா. மனசுல வெச்சிக்காதீங்க” என்றார்.

என் மனைவி எனக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு அதுவரை இது எதுவும் தெரியாது. பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. லெட்டர் அவர் பையில், கை நீட்டுகிற தூரத்தில் இருந்தது. மூன்று பேரும் நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்கள்.

“ஆரணி பஸ் ஆறரைக்கு” என்றேன். “இப்ப கெளம்பினா புடிச்சிடலாம்.”